கரையாத எழுத்து

கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுவது என் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் ஒரு சித்திரக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலஞ்சென்ற என் வாப்பா நோயாளிகளுக்குப் பீங்கான் எழுதிக் கொடுத்த லெப்பை. வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் கட்டம் கீறி, ஓதி எழுதுவார். அதைப் பன்னீரில் கரைத்துக் குடிப்பார்கள். அவர் கட்டங்களைக் கீறி வைத்திருந்த பழைய கொப்பியைப் பார்த்து, அதே கட்டங்களை ஆறு பீங்கான்களில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டினேன். கண்ணுக்கு அவ்வளவு அழகு!

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கையில் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. மறுநாள் பகலாகியும் பிறக்கவில்லை. மருத்துவிச்சி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எங்கள் பகுதி லெப்பையோ அக்குறணையில் ஒரு மையத்தை அடக்கம் செய்யப் போயிருந்தார். ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வர, நான் முற்றத்தில் நிலைகொள்ளாமல் நடந்தேன்.

உள்ளே மனைவியின் தாயான மாமி அலறினார். "யா அல்லாஹ், எழுத்துக் கரையுதில்லயே!"

ஓடினேன். மாமி என் அறையிலிருந்த பீங்கானை வாப்பா எழுதி வைத்தது என்று நினைத்து எடுத்துவந்து, பன்னீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். சாயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆவது? பறித்துக்கொண்டேன்.

"இது சும்மா படம், மாமி. குடிக்கப்படாது!"

ஆனால் மனைவி பார்த்துவிட்டாள். எழுத்துக் கரையாவிட்டால் ஆள் பிழைக்காது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் நம்பினார்கள். "இனி எனக்கு ஏலாது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவிச்சி கெஞ்சியும் முக்க மறுத்தாள்.

"நீங்களே எழுதுங்க மகன். ஒங்கட வாப்பாட கைதானே" என்றார் மாமி.

தொழுகைக்குப் போல் கைகால் முகம் கழுவி உளூ எடுத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தேன். எந்தக் கட்டம் பிள்ளைப்பேற்றுக்கு? வாப்பா குறித்து வைக்கவில்லை, நானும் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணில் பட்டதை ஒரு வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் கீறினேன். அவசரத்தில் கோணல்மாணலாக வந்தது. பன்னீர் பட்டதும் கரைந்தது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிற்பகல் அஸர் பாங்குக்கு முன் மகள் பிறந்தாள்.

நான் எழுதியது பேறுகாலக் கட்டமா, நாய்க்கடிக் கட்டமா என்ற பயம் என்னை அரித்தது. பேற்றுக்குப் பின் நாற்பது நாள் கழிந்ததும் உண்மையைச் சொல்லிவிட நினைத்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பக்கத்து வூட்டுப் புள்ளக்கும் மாசம் நெருங்கிட்டு. நீங்க எழுதித் தருவீங்கண்டு நான் சொல்லிட்டேன்."