கோழிக்கூட்டின் கக்கம்

ஃப்ரிட்ஜ்காரர் தன் தொழிலை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "உள்ள இருக்கறது வெளிய போகக் கூடாது, வெளிய இருக்கறது உள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்." தலை நரைக்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ஐஸைக் கத்தியால் குத்துகிறேன் என்று கேஸ் குழாயையும் சேர்த்துக் குத்திவைத்தவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை. கருவிகளைப் பைக்குள் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். "ஒண்ணும் செய்யறதுக்கில்லீங்க" என்பார். வீட்டுக்காரர்கள் அழாத குறைதான்.

கோழி வளர்க்கும் ஆசையெல்லாம் அவருக்கு இருந்ததில்லை. ஒருவர் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். பழுது பார்த்தாயிற்று. ஓடுகிறதா என்று சும்மா பார்த்துச் சொல்லும் பழக்கம் இல்லாததால், உள்ளே முட்டைகளை வைத்துப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. திரும்பி வந்த பெட்டிக்காரர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

குஞ்சுகள் மனைவியின் தையல் அறையில் வளர்ந்தன. மேலே ஒரு பல்பு தொங்கியது. குஞ்சுகள் வளர வளர அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். கடைசியில் பல்பு கூரையைத் தொட்டது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. அவை சிறகை உதறும்போதெல்லாம், மனைவி தைத்துக்கொண்டிருந்த மழைக்கோட்டுகளில் தூசு போய் உட்கார்ந்தது. கிடங்கு வேலையாட்களுக்கான மொத்த ஆர்டர் அது. கருநீலத் துணியில் ஒரு வெள்ளை இறகு தெருமுனையிலிருந்தே தெரியும்.

"ஏங்க, அவங்க கோட்டு கேட்டாங்களா, கோழி கேட்டாங்களா?"

"வெளிய குளிருது. இன்னும் கொஞ்சம் இறகு வரட்டும்."

"வந்தாச்சு. பாதி என் மிஷினுக்குள்ளதான் இருக்கு."

குளிர் என்று அவர் சொன்னது சாக்கில்லை. காலையில் பின்வாசல் குழாயைத் திறந்தால் முதலில் சத்தம் வரும். தண்ணீர் யோசித்துத்தான் வரும். ஆகவே கூட்டைத் தனக்குத் தெரிந்த முறையில் கட்டினார். கழித்துப்போட்ட ஃப்ரிட்ஜ் கதவுகள்தான் சுவர், கூரை எல்லாம். இடுக்குகளில் கதவு ரப்பர். மூச்சுக்கு அடிப்பக்கம் ஒரு குழாய். அதையும் வளைத்துவிட்டிருந்தார், காற்று நேராக வந்துவிடக் கூடாதே என்று.

மனைவியின் தம்பி கோழிக்கடை வைத்திருந்தான். குஞ்சுகளைப் பார்க்க அடிக்கடி வருவான். அவன் பார்வையில் பாசத்தைவிட எடைதான் அதிகம் இருந்தது. கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் கதவுகளில் முட்டை வைக்கும் குழிகள் அப்படியே இருந்தன.

"மாமா, பிரசவ வார்டு முதற்கொண்டு ரெடி பண்ணிட்டீங்க. அதுங்களுக்கு இன்னும் கொண்டையே சரியா வரல."

சில நாள் உச்சிவெயிலில் மட்டும் வெளியே விட்டுப் பழக்கினார். பிறகு ஒரு மாலை, துணிக்கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

காலையில் திறந்தபோது, கொதிக்கிற பானையின் மூடியைத் தூக்கியதுபோல ஆவி முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டித் துவட்ட மறந்த பிள்ளைகள் மாதிரி குஞ்சுகள் வரிசையாக நின்றன. வெளிக்காற்று பட்டதும் எல்லாம் ஒன்றாக நடுங்கின. ஒன்று மட்டும் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கூடையில் அள்ளித் தையல் அறைக்கே கொண்டு வந்தார்.

மனைவி மிஷினை நிறுத்தினாள். "காயற வரைக்கும் இருக்கட்டும். சாயங்காலம் வெளிய போயிடணும். அதுக்கப்புறம் ஒருதரம் இந்த வாசப்படியை மிதிச்சுது, நேரா என் தம்பி கடைதான். சொல்லிட்டேன்."

"கூடை கொண்டு வந்திருக்கேன்க்கா" என்றான், அப்போதுதான் வந்த தம்பி.

"நீ ஏன்டா எப்பப் பார்த்தாலும் கூடையோட சுத்தறே?"

"தொழில்க்கா."

ஃப்ரிட்ஜ்காரர் ரப்பர் துண்டுகளை எடுத்துக்கொண்டார். பின்புறம் போய், எங்கோ பனி இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டி, மிச்சமிருந்த இடுக்குகளையும் அடைத்தார். காகிதத்தை வைத்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்ததில் கிழிந்தது. திருப்தியாக இருந்தது.

கையில் ஒரு மழைக்கோட்டோடு மனைவி வந்து நின்றாள். கூரையின் மேலே தடவினாள், காய்ந்திருந்தது. உள்ளே தடவினாள், கை நனைந்தது. அந்தக் கையைப் பார்த்தாள்.

"மேல காஞ்சிருக்கு. பனி கதவத் தட்டிட்டு உள்ள வந்துச்சா?"

"எங்கயோ ஓட்டை இருக்கு."

"இந்தாங்க, இதப் போடுங்க."

போட்டுக்கொண்டார்.

"கையத் தூக்குங்க. கக்கத்துல என்ன இருக்கு?"

"ஓட்டை."

"மழைக்கோட்டுல எதுக்கு ஓட்டை?"

அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தைப்பதைப் பார்க்கிறார், கேட்கத் தோன்றியதில்லை.

"இல்லேன்னா உள்ள இருக்கறவன் அவன் வேர்வையிலயே நனஞ்சிடுவான். மழையே வேண்டாம். உங்க கோழிங்க ராத்திரி பூரா மூச்சு விடுதே, அது எங்க போகும்?"

"ஓட்டை போட்டா குளிராதா?"

"நெஞ்சுல போட்டா குளிரும். கக்கத்துல போட்டா குளிராது."

துளைபோடும் மிஷினை எடுத்து வந்தார். கூரைக்குச் சற்றுக் கீழே, குஞ்சுகளின் தலைக்கு மேலே காற்று போகிற உயரத்தில் முனையை வைத்தார். எடுத்துத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"நான் வேணா போடட்டுமா?"

"வேண்டாம். என் கையாலயே நடக்கட்டும்."

போட்டார். கதவுக்குள் அடைத்திருந்த நுரை மஞ்சள் தூளாகக் கொட்டியது. எதிர்ச்சுவரிலும் போட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே போட்டதால் ஒரு ஓட்டை கோணலாகிவிட்டது. சாயங்காலம் காய்ந்த குஞ்சுகளைக் கொண்டு போய் விட்டார். சிறகு தொங்கியதைக் கடைசியாக, நடுவில் விட்டார்.

விடிந்தபோது கூட்டுக்கு வெளியே வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணம் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. தம்பி கூடையோடு முன்னாலேயே வந்து நின்றான். ஃப்ரிட்ஜ்காரர் பின்வாசல் படியில் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தினார். குளிர் தாங்காமல் அவை வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது. பிறகு கூட்டைத் திறந்தார்.

ஆவி இல்லை. வைக்கோல் வாசனைதான் வந்தது. சுவர் காய்ந்திருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நேற்றுக் கண்ணை மூடியது, முன்னால் போனதன் முதுகில் ஏறி இறங்கித் தீனித்தட்டுக்குப் போனது. தம்பி ஒன்றைப் பிடித்து, இறகை ஊதிப் பிரித்து, விரலால் தொட்டுப் பார்த்தான்.

"காஞ்சு, சூடாத்தான் இருக்கு" என்றான், துக்கம் விசாரிக்கிற குரலில். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

அறைக்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது. குஞ்சுகள் உறைந்த தண்ணீரைக் கொத்தின; வேலியோரம் கிளறின. வீட்டுப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பலகையைக் காலால் சற்று நகர்த்தி வழி விட்டுப் பார்த்தார்.

அப்போதும் வரவில்லை.