அம்மா குடிக்காத பால்

அம்மா இல்லாமல் எங்கள் வீடு ஓராண்டைக் கடந்துவிட்டது. முதல் திதிக்கு வந்து பந்தியில் அமரும் உறவினர்கள் பால் பாயசம் எங்கே என்று கேட்கக்கூடும். துணை நின்றவர்களுக்கு நன்றியோடு, அதற்குப் பதிலும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது எருத்தேன்பதியில். பெருமாட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அப்பாவின் தொழுவம் நிறைய மாடுகள். விடியுமுன் அம்மாதான் கறந்து ஊருக்கெல்லாம் பால் ஊற்றுவார். தாம் ஒரு வாய் குடித்தாலும் வயிறு உப்பி, வலியில் சுருண்டுவிடுவார். எனக்கு முன் பிறந்த அண்ணன்மார் இருவரும் கைக்குழந்தையிலேயே வயிற்றுப்போக்கில் போனார்கள். தேறட்டும் என்று பசும்பாலைப் புகட்டப் புகட்டப் பிள்ளைகள் வற்றினார்களாம். கன்றுக்கு விடாமல் கறந்தவள், பசுவின் சாபம் என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அம்மா மறுத்துப் பேசியதில்லை. அவரும் அதை நம்பினார்.

என்னைக் கூழும் கஞ்சியும் கொடுத்தே வளர்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலையாளப் பள்ளியின் தமிழ் டிவிஷனில் தொடங்கி, கல்லூரியில் வேதியியல் முடித்து, கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெருமையோடுதான் எழுதுகிறேன், அது அம்மா சம்பாதித்துக் கொடுத்த பெருமை.

பாலில் இயல்பாகவே ஒரு சர்க்கரை உண்டு. அதை உடைக்கும் நொதி சிலர் வயிற்றில் குறைவு. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கும் குறைந்துவிடும். அந்த நொதியை நுண்துளைகள் உள்ள கண்ணாடி மணிகளில் பிணைத்து, குழாயில் நிரப்பி, அதன் வழியே பாலை விடுவது எங்கள் வேலை. பால் இறங்கிவிடும், நொதி மணியோடு நின்று அடுத்த பாலுக்கும் உதவும். ஒருமுறை அம்மா பார்க்க வந்தார்.

“அந்த நொதி பாலோட போயிராதா கண்ணு?”

“அதுக்குத்தானுங்கம்மா மணியில கட்டி வெச்சிருக்கறோம்.”

“கட்டுத்தறி மாடாட்ட.” குனிந்து குழாயைப் பார்த்தார். “கட்டியே வெச்சா செத்துப் போகாதா?”

“நாளாக ஆகப் பலம் கொறையுமுங்க.”

“அப்ப, பசங்க போனது சாபத்துல இல்லியா?”

“இல்லீங்கம்மா. வவுத்துல ஒடையாத சக்கரைங்க.”

அம்மா குழாயிலிருந்து இறங்கும் பாலை விரலால் காட்டினார். பிறகு, “ஒரு வாய் குடு, குடிச்சுப் பாக்கறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. நொதியைப் பிணைக்கும் வேதிப்பொருள் பாலில் துளியும் கலக்கவில்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பால் மனிதர் வாய்க்கு உரியதல்ல. “இன்னுங் கொஞ்ச நாளுங்கம்மா” என்றேன்.

அந்த நாள் வருமுன் அம்மாவின் இருதயம் தளர்ந்துவிட்டது. கடைசி வேளையில் உறவினர்கள் கூடினார்கள். அம்மாவின் அண்ணனான மாமா பால் கிண்ணத்தோடு வந்தார். நான் மறித்தேன்.

“நீ படிச்சவதான் அம்மிணி. பாலூத்தாம உசுரு எப்படிப் பிரியும்? இந்த ஊட்டயே சுத்தீட்டுக் கெடக்கும்.”

“அம்மாவுக்கு ஆகாதுங்க மாமா. எளநி ஊத்துங்க.”

அம்மா கண் திறந்தார். “ஊத்துங்ண்ணா. இனி வவுறு வலிக்க நேரமில்லீங்.”

மாமா ஊற்றினார். கடைவாயில் வழிந்ததை நான் துடைத்தேன். அம்மாவுக்கு ஆகாத பால் அவர் திதியிலும் வேண்டாம் என்றுதான் பந்தியில் பாயசம் வைக்கப்போவதில்லை.

நோயில் இரவும் பகலும் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், மருந்து வாங்க அலைந்தவர்களுக்கும், அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், காரியங்களை முன்னின்று முடித்த மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இந்த இடம்வரை எழுதியபோது மாமா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய பேரக்குழந்தைக்குச் சில நாளாக வயிறு போகிறதாம். தெம்புக்குப் பசும்பாலே புகட்டுகிறார்களாம். சாபம் கழிக்க நாள் பார்த்தாயிற்றாம். நேற்றிலிருந்து குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது, நன்றாகத் தூங்குகிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அது தூக்கமல்ல, உடலில் நீர் வற்றிய மயக்கம். டாக்டரை அழைத்துக்கொண்டு இப்போதே புறப்படுகிறேன். நன்றி சொல்ல விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.