தையல் அக்காவின் கயிறு

கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு தண்ணீரில் இறங்கப் போகிறவரைப் படகில் இருக்கும் டிரைவர் கை நீட்டித் தடுக்கிறார். "அக்கா, டேப்பு." வாரத்துக்கு இரண்டு முறையாவது இது நடக்கும். தையல் அக்கா கொஞ்சமும் அசடு வழியாமல் டேப்பைக் கழற்றிச் சுருட்டி அவர் உள்ளங்கையில் வைப்பார். பிறகு படகுத்துறையின் விளிம்பில் உட்கார்ந்து, ஒற்றைச் சறுக்குப் பலகையில் வலது காலை முன்னும் இடது காலைப் பின்னுமாகத் திணித்துக்கொண்டு, அப்படியே ஏரிக்குள் சரிவார். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும். அவ்வளவுதான். "ம், எடுங்க தம்பி" என்பார்.

வயது நாற்பத்து மூன்று. தொழில், சீட்டுக்கு உறை தைப்பது. கார், வேன், பஸ், பல் டாக்டரின் நாற்காலி என்று மனிதர் உட்காரும் எதற்கும் தைப்பார். வண்டி பழுது பார்க்கும் கூடம் ஒன்றின் பின்னறைதான் கடை. தடித்த ரெக்சினை விழுங்கும் பெரிய மிஷின் ஒன்று, நாலு பேர் படுக்கலாம் போன்ற வெட்டு மேசை ஒன்று, பசை வாசனை. மூன்று வருடம் முன்பு ஏரிக்கரை கிளப்பின் படகில் சீட் கிழிந்து, அதைத் தைத்து மாட்ட வந்தார். தைத்த சீட்டில் தானே உட்கார்ந்து பார்க்காமல் அவர் ஒப்படைப்பதில்லை. உட்கார்ந்தார். படகு கிளம்பியது. பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் வளைந்து வளைந்து வந்தார். கரைக்கு வந்ததும் அக்கா சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "நானும் ஒருக்கா நிக்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்குப் பதினோரு தடவை விழுந்தார். பன்னிரண்டாவது தடவை நின்றவர் இன்னும் உட்காரவில்லை என்று டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆட்டத்தைச் சொல்வது எளிது. படகு நேர்கோட்டில் போகும். அதன் பாதைக்கு வலமும் இடமுமாக ஆறு மிதவைகள். கயிற்றில் வருகிறவர் ஒவ்வொன்றையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஆறையும் முடித்தால் அடுத்த சுற்றுக்குக் கயிற்றைக் குறைப்பார்கள். பதினாறு மீட்டர், பதினாலே கால், பதின்மூன்று, பன்னிரண்டு என்று அது குறைந்துகொண்டே போகும். கயிற்றில் வண்ண வண்ண வளையங்கள் உண்டு. பச்சையைப் படகில் மாட்டினால் பதின்மூன்று, நீலத்தை மாட்டினால் பன்னிரண்டு. மிதவையோ பாதையின் நடுவிலிருந்து பதினொன்றரை மீட்டர் தள்ளி ஆடிக்கொண்டிருக்கிறது. எட்டாத மிச்சத்தைக் கையையும் உடம்பையும் நீட்டித்தான் எட்ட வேண்டும். கடைசியில் எல்லோரும் விழத்தான் செய்வார்கள். எந்தக் கயிற்றில், எத்தனையாவது மிதவையில் விழுந்தார் என்பதை வைத்துத்தான் வெற்றி தோல்வி.

கயிற்றைக் குறைக்கச் சொல்ல மற்றவர்கள் தண்ணீரிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார்கள். அக்கா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு முறை வெட்டிக் காட்டுவார். கடைப் பழக்கம்.

கடையிலும் ஏரிப் பழக்கம் உண்டு. மிஷினுக்கு முன்னால் ஒரு காலை முன்வைத்து மறு காலைப் பின்வைத்துத்தான் நிற்பார். வெட்டு மேசையில் தையல் சுண்ணாம்பால் ஆறு புள்ளி வைத்து, நேற்று எங்கே பிந்தினோம் என்று கோடு போட்டுப் பார்ப்பார். ஒரு முறை துணி மேலேயே போட்டுவிட்டார். ஊரில் ஏதோ ஒரு வேன் டிரைவர் அந்த ஆறு புள்ளிகளின் மேல்தான் இன்றைக்கும் உட்கார்ந்து ஓட்டுகிறார்.

பேக்கரியில் மாவு பிசையும் அவர் கணவருக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் வேடிக்கை. "படகு இழுக்குது, நீ போற. இதுல நீ என்ன பண்ற?" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. சாப்பிட்டு முடித்ததும் அக்கா கைப்பிடிக் கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, "இழுங்க பாப்போம்" என்றார். தினமும் மூட்டை மூட்டையாக மாவு பிசைகிற கை அது. இழுத்தார். அக்கா பின்னால் சாய்ந்தார். கூடத்தின் வழவழப்பான தரையில் மனிதர் சமையலறை வாசல்வரை சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையை அவரே தோளில் தூக்கி வருகிறார்.

கிளப்பில் அக்காவுக்குப் பெயர் சலுகை உறுப்பினர். படகின் சீட்டுகளையும் படகு மூடும் உறையையும் தைத்துக் கொடுப்பதற்குப் பதிலாக அவரை ஓட்ட விடுகிறார்கள். சலுகை என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும்போது உறுப்பினர்களின் முறை. அவர்கள் எல்லோரும் ஓட்டி, தண்ணீர் அலையடித்துக் கரைக்கும் நடுவுக்குமாக முட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவின் முறை. யாராவது தாமதமாக வந்து சேர்ந்தால் அதுவும் போயிற்று. இதையெல்லாம் முடிவு செய்பவர் செயலாளர். ஊரிலேயே பெரிய மூக்குக் கண்ணாடிக் கடை அவருடையது. ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துக் கொடுப்பவருக்குத் தன் மூக்குக்குக் கீழே நடக்கிற அநியாயம் மட்டும் தெரிவதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் கிளப்புக்குப் புதுக் கயிறுகள் வந்தன. அக்காவும் ஒன்று கேட்டார். செயலாளர் மூலையில் கிடந்த பழைய கயிற்றைக் காலால் நகர்த்தினார். வளையங்களுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஓரிடத்தில் அது நூல் நூலாகப் பிரிந்திருந்தது. "நல்ல கயிறு மெம்பருங்களுக்கே பத்தல. இத தெச்சு வச்சுக்கங்களேன், உங்க தொழில்தானே" என்றார். தொழிலைச் சொல்லிக் காட்டியதில் அக்காவுக்குச் சுருக்கென்றது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். பிரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே கூடாக இருக்கும் கயிற்றின் ஒரு முனையை மறு முனைக்குள் நுழைத்து, அதை இதற்குள்ளும் நுழைத்து, மேலே மெழுகு நூலால் தைத்தார். யானை இழுத்தாலும் பிரியாது. வருடம் முழுக்க அந்தக் கயிற்றில்தான், அந்த அலையில்தான் பயிற்சி. பச்சை வளையத்தில் ஒரு நாளும் மூன்று மிதவையைத் தாண்டியதில்லை. தாண்டாத கோபத்தில் மறுநாளும் வருவார்.

அப்புறம் கிளப்பின் வருடாந்தரப் போட்டி வந்தது. போன வருடம் இதே போட்டியில் அக்கா பதினாறு மீட்டரில் இரண்டாவது மிதவையிலேயே விழுந்தவர். இந்த வருடம் பதினாறு முடிந்தது. பதினாலே கால் முடிந்தது. பதின்மூன்று முடிந்தது. பன்னிரண்டில் மூன்று மிதவை சுற்றிவிட்டுத்தான் விழுந்தார். நடுவில் ஒரு முறை மட்டும் படகருகே நீந்தி வந்து, "கயிறு கொஞ்சம் தாராளமா இருக்கற மாதிரி இருக்கே தம்பி" என்றாராம். போட்டிக் கயிறு அக்கா, அளந்துதான் மாட்டியிருக்காங்க என்று டிரைவர் சமாதானம் சொன்னார். பதற்றத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கரையில் கைதட்டல் இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் இவ்வளவா? டிரைவர் படகை மிதவைப் பக்கம் ஒதுக்கி ஓட்டினான் என்றார் ஒருவர். மிதவைகள் உள்ளே நகர்ந்திருந்தன என்றார் இன்னொருவர். நாற்பத்து மூன்று வயதில் இது இயற்கையாக வருமா, ஏதாவது மாத்திரையாக இருக்கும் என்று ஒரு பெண்மணி கரிசனத்தோடு கவலைப்பட்டார். பயிற்சி செய்தார் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்து, எல்லாக் கிளப்புகளும் மோதும் பெரிய போட்டிக்குக் கிளப்பிலிருந்து பெண்களில் ஒருவர்தான் போக முடியும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் அனுப்ப வேண்டும். அக்காவின் பெயரை நிறுத்தி வைத்தார் செயலாளர். விசாரணை என்றார். இரண்டாவதாக வந்தது செயலாளரின் மைத்துனி என்பதை இங்கே சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும்.

விசாரணை நடந்தது. மிதவைகளை அளந்தார்கள், சரியாக இருந்தன. படகிலிருந்து எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், படகு நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. போட்டிக் கயிற்றை அளந்தார்கள், ஒரு விரற்கடை பிசகில்லை. எதுவும் கிடைக்காத எரிச்சலில், "அவங்க பழகற கயித்தையும் அளங்க" என்றார் செயலாளர். படகுத்துறையில் கயிற்றை நீட்டிப் போட்டு டிரைவர் அளந்தார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். எந்த வளையத்திலிருந்து அளந்தாலும் ஒரு மீட்டர் குறைந்தது.

அக்கா மெல்ல வந்து தன் டேப்பைக் கழற்றித் தானே ஒரு முறை அளந்து பார்த்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது. துணி வெட்டினால் மடிப்புக்கு இவ்வளவு என்று விட்டு வெட்டுவது அவருக்கு மூச்சு விடுவது போல. ஆனால் கயிற்றில், வெட்டி எறிந்த துண்டை மட்டும் மனதில் வைத்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு முனைகளும் விழுங்கிய நீளத்தை மறந்துவிட்டார். இருபது வருடத் தையல்காரி செய்கிற தப்பா இது?

டிரைவருக்குத்தான் முதலில் விளங்கியது. அக்கா வருடம் முழுக்கப் பதின்மூன்று என்று நினைத்து மல்லுக்கட்டியது பன்னிரண்டோடு. அதுவும் அலையில். அவர் சிரித்துக்கொண்டே அதை எல்லோருக்கும் சொன்னார்.

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப கயிறுதான் காரணம். அந்தக் கயித்தக் குடுத்தது கிளப்பு" என்றார்.

அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தார். குரல் உயரவில்லை. "நான் தப்பா தெச்சதுக்கு விசாரணை வைங்க, ஒத்துக்கறேன். நல்லா ஓட்டினதுக்கு எதுக்குங்க விசாரணை?"

கிளப் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. வியாழக்கிழமை காலை, புதுக் கயிற்றில், கமிட்டிக்கு முன்னால் அக்கா மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். பதின்மூன்றில் ஆறையும் முடித்தால் பெயர் போகும், முடிக்காவிட்டால் மைத்துனியின் பெயர். ஏற்கெனவே எல்லோர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டியதை! வேறு எந்த உறுப்பினரிடமாவது இப்படிக் கேட்பார்களா?

இதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. காலால் நகர்த்தப்பட்ட கயிறு அன்றிரவே அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அது கிளப்பின் சொத்தாம். அந்த மந்திரக் கயிற்றில் பழக உறுப்பினர்கள் பெயர் எழுதி வரிசையில் நின்றார்கள். முதல் முறை மைத்துனிக்கு. இரண்டாவது மிதவைக்கு எட்டாமல் போய்த் தண்ணீரில் முகம் குப்புற அடித்ததில் ஒரு நாள் முழுக்கக் காதில் இரைச்சல் என்றார். மூன்றே நாளில் கயிறு பழையபடி மூலைக்கு வந்துவிட்டது. அது கயிறு செய்கிற வேலை இல்லை என்பது அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைத்ததாகத் தெரியவில்லை.

வியாழன் காலை. கமிட்டியின் வசதிக்காக வைத்த நேரம் என்பதால், முதல் முறையாக அக்காவுக்குக் கலங்காத ஏரி கிடைத்தது. துறையில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்படித்தான் இருக்குமா இவங்களுக்கு, தெனமும்?" என்று கணவரிடம் கேட்டார். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். டிரைவர் கை நீட்டினார். டேப்பு கை மாறியது. அவர் அதைத் தன் கழுத்திலேயே மாலை மாதிரி போட்டுக்கொண்டார்.

பச்சை வளையம். படகு சீறிக் கிளம்பியது. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பலகையின் பின்பக்கம் ஒரு நொடி நழுவிற்று. கரையில் யாரோ "ஆங்" என்றார்கள். அக்கா முழங்காலை மடக்கி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாலு, ஐந்து. ஆறாவது மிதவையை ஓரக் கண்ணால்கூடப் பார்க்காமல் சுற்றிவிட்டு, கைப்பிடியை விட்டு, ஏரியின் மறு முனையில் தண்ணீருக்குள் அமிழ்ந்தார்.

துறையில் செயலாளர் தாளில் கையெழுத்துப் போட்டு மடித்தார். அவர் முகத்தில் ஒரு தாராளம் வந்திருந்தது. ஒலிபெருக்கியை எடுத்து, "போதும்மா, திருப்தி. பேர் அனுப்பிடறோம். ஏறி வந்துடுங்க" என்றார். டிரைவர் படகை அணைத்துவிட்டு, கயிற்றைச் சுற்றுவதற்காகக் குனிந்தார்.

தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு கை எழுந்தது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துச் செயலாளரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். அங்கே இரண்டு விரல்கள் விரிந்து சேர்ந்தன. மறுபடி விரிந்து சேர்ந்தன.