அக்காவின் திரையில் நான் விட்ட குரங்கு

அக்காவின் கணினித் திரையில் அவருடைய அம்மா படமாக நின்றிருப்பார். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில், முதுகில் கூடையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. காலையில் வந்ததும் அக்கா அந்தத் திரையைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நான் அக்கா என்று கூப்பிட்ட அவரும் நானும் அப்போது திருவனந்தபுரத்தில் ஒரே அலுவலகத்தில் தற்காலிக ஊழியர்கள். அவர் படிவங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுபவர். நான் நிரல் எழுதுகிறவள் என்ற மிதப்பில் திரிந்தவள்.

அப்போது யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த சின்ன நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று என் கையில் கிடைத்தது. ஒரு படத்தின் பெயரைக் கொடுத்தால் போதும், திரையின் வால்பேப்பரை அதுவே மாற்றிவிடும். அதை வைத்து நாலைந்து வரி எழுதி, அக்கா சாப்பிடப் போன நேரத்தில் அவர் கணினியில் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா மறைந்து ஒரு குரங்கு பல்லைக் காட்டும். பிறகு அம்மா வருவார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. மேலாளர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் என்னிடமே வந்து, மலையாளம் கலந்த தன் தமிழில் கேட்டார்.

"மோளே, வீட்டுல இருந்து பென் டிரைவ் கொண்டாந்துதான அம்மா படத்தப் போட்டேன், அதுல எந்தோ வைரஸ் கேறிட்டு போல. சார் அறிய வேண்டாம் கேட்டோ. ஒண்ணு நோக்கித் தரியா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரிய வைத்தியம் பார்ப்பவள் போல அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் போட்ட வரிகளை நானே அழித்தேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டினேன். அதற்கு நன்றி வேறு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த மாதம் எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று மேலாளர் இருவரையும் அழைத்துச் சொன்னார். வைரஸ் விஷயத்தை அவரிடம் ஒளித்து வைத்தது அக்காவை உறுத்தியிருக்க வேண்டும். "தப்பு என் பேர்ல சார். சிஸ்டத்த நான்தான் கேடாக்கினேன். இந்தப் பிள்ளைதான் சரியாக்கித் தந்தது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை எனக்குக் கிடைத்தது.

இப்போது எனக்குக் கீழே ஆறு பேர். அக்கா ஆரியசாலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். போன வாரம் அழைத்தார். மகளின் லேப்டாப் திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறதாம்.

"வேற யார்ட்டயும் கொடுக்க மனசில்ல மோளே. நீ அன்னைக்கு எனக்குச் செஞ்சத நான் மறக்கவே இல்ல."



"கொண்டு வாங்க அக்கா, பாத்துத் தரேன்" என்றேன்.