அக்காவின் தலையில் ஏன் துணி சுற்றியிருந்தது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்த பெரியவர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் வருடம் திரும்பிவிட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்று, சின்னமனூரில் திராட்சைக்கும் வாழைக்கும் கமிஷன் கடை வைத்திருப்பவன். வாயால் பேசிப் பிழைக்கிற எனக்கு எழுத்து அவ்வளவாக வசப்படாது. எழுதுவதும் கிழிப்பதுமாக, ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாவு வீட்டில் உங்களில் பல பேர் கேட்டு, நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விதான் காரணம். அக்காவின் தலையில் ஏன் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது? எண்ணெயும் சீயக்காயும் வைக்க வந்தவர்களை ஏன் தலையைத் தொடவிடவில்லை?

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அக்கா பிறந்தது மார்க்கையன்கோட்டையில். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல், மேட்டில் ஒரு திராட்சைப் பந்தல். மழையில் பழமெல்லாம் வெடித்துப் போன வருடத்தில்தான் அக்கா கல்லூரிக்குப் போனார். அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினார். மதுரையில் படித்து, வடக்கே போய் இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். யார் வீட்டு விசேஷம் என்றாலும், வர முடியாவிட்டால் போனாவது பண்ணிவிடுவார். அவரிடம் பேசி முடித்தவர்கள், "படிச்ச புள்ள மாதிரியே பேசல, நம்ம புள்ள மாதிரியே பேசுது" என்று சொல்வார்கள்.

அவர் பார்த்த வேலை ஈர்ப்பு அலை ஆராய்ச்சி. அப்படியென்றால் என்ன என்று பந்தலுக்குக் கீழே நின்று ஒரு தடவை கேட்டேன்.

"இந்தக் கம்பியப் பிடி. அந்தக் கோடியில ஒரு குருவி வந்து உக்காந்தா இங்கன உனக்குத் தெரியுமாலே?"

"காத்தடிக்குது, ரோட்டுல லாரி போகுது. இதுல குருவிய எங்கன கண்டேன்?"

"அதான் என் சோலி. காத்து ஆட்டுனது, லாரி ஆட்டுனது எல்லாத்தையும் கழிச்சுட்டு, மிச்சம் குருவியான்னு பாக்கணும்."

எங்கோ ரொம்பத் தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதினால், அந்த அதிர்வு வந்து இங்கே இருக்கிற இடத்தையே கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டிச் சுருக்குமாம். கரையில் மோதுகிற கடல் அலைகூட அதை அளக்கிற கருவியை ஆட்டிவிடும் என்பார். முதல் அதிர்வு பிடிபட்டுவிட்டது என்று செய்தி வந்த அன்று போன் பண்ணி, பேச முடியாமல் அழுதார்.

நம்ம மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டப் போகிறார்கள் என்று மாவட்டமே கொதித்துக் கிடந்த வருடங்கள் அவை. இயற்பியல் படித்தவர் என்றாலே மலையைக் குடைய வந்தவர் என்று ஆகிப்போனது. இது வேறு, அது வேறு என்று அக்கா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேறன்னா, இது எந்த மலை, தாயி?" என்றார்.

அப்படியொரு சமயத்தில் விடுப்பில் வந்திருந்த அக்காவிடம் ஏதோ மாறியிருந்தது. தூக்கமே இல்லை. பேச்சு நிற்கவில்லை. ஒருநாள் காலை தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். "இத்தனை மோட்டாரும் தரைய ஆட்டுது. நிறுத்துங்க, சேதி வந்துக்கிட்டே இருக்கு" என்றார். மும்முனைக் கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற எந்தச் சம்சாரி நிறுத்துவார்? இரண்டு கிணற்றில் அக்காவே போய் சுவிட்சை இறக்கிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "அண்ணே, உங்க மக மலையக் குடையுறவுகளுக்கு வேவு பாக்க வந்திருக்காகளா? எங்க கிணத்தடியில அவுகளுக்கு என்ன சோலி?"

அப்பா வாசலுக்கு வந்து நின்றார். "ஆமா, ஆராய்ச்சி விஷயமாத்தான் வந்திருக்கா" என்றார்.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். "மலையக் குடையுறவளுன்னா கொஞ்ச நாளு பேசுவாக. புத்தி சரியில்லைன்னு தெரிஞ்சா தலைமுறைக்கும் பேசுவாக."

அதுமுதல் நாங்கள் மலையைக் குடைகிற வீடு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எங்கள் தெருவைத் தாண்டிப் போனார்கள். கடைக்குச் சரக்கு போடுகிறவர்கள் இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழியைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு, அதற்கடியில் அக்காவை மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போனோம்.

அக்காவுக்கு இருந்தது இருமுனைக் கோளாறு. மனசு ஒரு காலம் மேலே மேலே பறக்கும். இன்னொரு காலம் படுக்கையை விட்டு எழவிடாது. இதை இன்றுதான் உங்களுக்குச் சொல்கிறோம். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். "நீங்க சட்டி எடுங்க, நான் மாத்திரை எடுத்துக்கிறேன்" என்று அக்கா சிரித்தார். இரண்டும் நடந்தது. லித்தியம் மாத்திரையால் கை லேசாக நடுங்கும், தண்ணீர் தாகம் எடுக்கும். வருடக்கணக்காக அதைத் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பிறகு அக்கா தன் படிப்பை வேறு பக்கம் திருப்பினார். பெங்களூருவில் மூளை, மனநோய் பற்றி ஆராய்கிற ஒரு குழுவில் சேர்ந்தார். இரைச்சலைக் கழித்து அதிர்வைப் பிரிக்கிற அதே கணக்கை, மூளையில் ஓடுகிற மின் அலைகளின் மேல் போட்டுப் பார்க்கிற வேலை. வேலை பார்த்ததோடு, நோயாளிகள் வரிசையில் தானும் உட்கார்ந்து தலையில் வயரை ஒட்டிக்கொண்டார்.

"எங்கனயோ ரெண்டு கருந்துளை மோதுனதக் கேட்டுட்டோம்லே. ஒரு சாண் மண்டைக்குள்ள நடக்குறது இன்னும் கேக்க மாட்டேங்குது" என்பார். அந்தத் தவிப்பு அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. "நான் செத்தா மூளைய ஆராய்ச்சிக்குக் குடுத்துரு" என்று என்னிடம் சொன்னதும் அப்போதுதான்.

"அதுல என்னத்தக் கண்டுபிடிச்சிரப் போறாக?"

"ஒண்ணுமே கண்டுபிடிக்காமலும் போகலாம். அதுக்காகக் குடுக்காம இருப்பியாக்கும்?"

போன வருடம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. சேதி கேட்டுப் பெங்களூருவுக்குக் கிளம்பிய நான் பஸ்ஸில் திண்டுக்கல் தாண்டவில்லை, உயிர் போய்விட்டது என்று போன் வந்தது. மூளையை எடுப்பதானால் சீக்கிரம் எடுக்க வேண்டும், வீட்டார் சம்மதம் வேண்டும் என்றார்கள். சுற்றிலும் கூட்டம். அழக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டே "சரி" என்றேன். சொன்ன கணத்திலிருந்து இன்றுவரை மனசு ஒரு நிலையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூளையை எடுத்துத் தைத்த இடம் தெரியாமல் தலையில் துணி சுற்றித் தந்தார்கள். ஊருக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து முடித்ததும், சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று கேட்டார், "தலையத் தொடாம எங்கன எண்ணெய் வைக்க?" அம்மா எழுந்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல், புறங்கையால் அந்தத் துணியின் மேலேயே எண்ணெயை வைத்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வைத்தீர்கள்.

"மலையக் குடையப் போன புள்ளய, தலையக் குடைஞ்சு அனுப்பிட்டாக" என்று அதற்கப்புறம் ஒரு பேச்சு ஓடுகிறது. யாரும் திருடவில்லை. அக்கா கேட்டார், நாங்கள் கொடுத்தோம்.

இதை மலரில் போடக்கூடாது என்று சித்தப்பா கடைசிவரை மல்லுக்கு நின்றார். அவர் பயமும் பொய்யில்லை. என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த நோய் கொஞ்சம் ரத்த வழியில் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, செத்தவளுக்கு நீ மல்லிகைப்பூப் போடு. உயிரோட இருக்குற புள்ள கழுத்துல மாலை விழுகட்டும்" என்றார்.

என் மகள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அத்தை மூளையவே குடுத்துட்டாக. நாம ஒரு பக்கத்தக் குடுக்க இம்புட்டு யோசிக்கிறோம் தாத்தா."

"பேச நல்லாத்தான் இருக்கு. பொண்ணு பாக்க வாரவுகட்ட சொல்லிப் பாரு, தெரியும்."

"சொல்லத்தான் போறேன்."

சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போனவர், மறுநாள் காலையில் அச்சகத்தில் முன்பணம் கட்ட என்னோடு வந்தார். அவருக்கு முதல் நன்றி. அக்காவைத் தாங்கிப் பிடித்த மதுரை டாக்டருக்கும், பெங்களூருத் தோழமைகளுக்கும் நன்றி. அக்கா கேட்டார் என்பதற்காக அன்றைக்கு ஒரே ஒருவர் தன் மோட்டாரை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து காதைத் தீட்டிக் கேட்டார்; எந்த மலை என்று கேட்ட அந்தத் தோட்டத்துக்காரர்தான். அவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துணியின் மேல் எண்ணெய் வைத்த ஒவ்வொரு கைக்கும் வணக்கம்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க இன்னும் நாள் குறிக்கவில்லை. அச்சகத்திலிருந்து வாங்குகிற முதல் பிரதி அவர்களுக்குத்தான் போகவேண்டும் என்று என் மகள் சொல்லிவிட்டாள். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசித்துவிட்டு நாள் குறிக்கட்டும்.

கண்ணீருடன்,
தம்பி