குதிக்குக் கீழே ஓர் ஆப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு பூவரச மர ஆப்பு கிடக்கிறது. ஒரு பக்கம் விரலளவு தடிப்பு, மறுபக்கம் இலைபோல் மெலிவு. அதைச் சீவியது எழுபத்திரண்டாம் ஆண்டு, ஆனி மாதம். திகதி மட்டும் என்னிடம் இல்லை.

சின்னம்மாவின் மகனை அண்ணை என்போம். வள்ளத்தில் நடந்த விபத்தில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. கடற்கரைக் கோயிலில் சாமி தூக்கும் தண்டில் அவர் தோளுக்கு ஓர் இடம் இருந்தது. தகப்பனுக்குப் பின் வந்த இடம். அதற்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை. உடுப்பிட்டியில் கணிதம் படிப்பித்த அத்தான், என் அக்காவின் கணவர், அவருக்காக ஒரு மரக்காலைக் கணித்தார். தொடை ஒரு கோடு, கீழ்க்கால் ஒரு கோடு, பாதம் ஒரு சிறு கோடு, மூட்டுகள் கீல்கள். தோளில் பாரம் ஏறினால் எடை எங்கே விழும் என்று பின்னேரமெல்லாம் வரைந்துகொண்டிருப்பார். காற்றில் தாள்கள் படபடக்கும்போது அந்தக் கோட்டு மனிதன் எழுந்து நடப்பதுபோல் இருக்கும்.

தச்சர் அந்தக் கோடுகள் காட்டிய கோணத்திலேயே மரக்காலைச் செய்து தந்தார். முற்றத்தில் அண்ணை நெல்மூட்டையைத் தோளில் வைத்து நடந்தார். அக்கா அழுதாள்.

திருவிழாவுக்கு முதல்நாள், கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவர், யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் பின்னே சாய்ந்தார். அத்தான் தாங்கிக்கொண்டார். கணக்கில் குதி, அதாவது குதிகால், சப்பாத்தின் அடி தூக்கித் தரும் உயரத்தில் இருந்தது; சப்பாத்து இல்லாமல் அது தாழ்ந்துபோயிற்று. நாள்தோறும் வாசலில் செருப்பைக் கழற்றுகிற எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

“அத்தான், உங்கடை கணக்கு சப்பாத்தோடை கோயிலுக்குள்ளை போயிட்டுது,” என்று அண்ணை சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அத்தான் ஓர் ஆப்பைச் சீவி மரப்பாதத்தின் குதியில் அறைந்தார். மறுநாள் சாமி தூக்கும் நேரம், கோயில் மணியகாரர் குனிந்து பார்த்தார்.

“உது செருப்போ தம்பி?”

“இல்லை ஐயா. என்ரை குதி.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப தண்டைப் பிடி. நேரம் போகுது.”

வாகனம் மணல் வீதியில் கனவுபோல் அசைந்து போயிற்று. அத்தான் சாமியைப் பார்க்கவில்லை. அந்தக் குதியையே பார்த்தபடி பின்னால் நடந்தார்.

அடுத்த மரக்காலை அவர் வெறும் பாதத்துக்கே கணித்தார். ஆப்பு என்னிடம் வந்தது.

போன மாதம், என் முழங்காலில் உலோக மூட்டு வைப்பதற்கு முன், மருத்துவர் திரையில் ஓர் உருவத்தை நடக்கவிட்டுக் காட்டினார். அதே கோட்டு மனிதன்தான், நிறம் மட்டும் ஏறியிருந்தது.

“ஏதும் கேக்கவேணுமோ?”

“டொக்டர், இவர் சப்பாத்துப் போட்டிருக்கிறாரோ?” என்றேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். ஆப்பின் அடிப்பக்கம், கோயில் வீதி மணல் தேய்த்த இடம், இன்னும் பளபளவென்றிருந்தது.