விளக்குக்கு நேர் கீழே

நாற்பது பேர் வருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபடி இவர் பின்பக்கமாகவே நடக்கிறார். கதவு நிலை, கம்பள ஓரம், பதினான்கு படி, எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சும் நிற்பதில்லை. "இந்த மாளிகையக் கட்டினவரு ஒரு மர வியாபாரி. கட்டி முடிச்ச வருஷமே நொடிச்சுப் போயிட்டாரு. அரசாங்கம் வாங்குச்சு. அதுக்கப்புறம் ஒம்போது தலைவருங்க இங்க குடியிருந்தாங்க. ஐயா, அந்தத் திரையத் தொடாதீங்க." கடைசி வாக்கியமும் அதே ராகத்தில்தான் வருகிறது.

நாட்டுத் தலைவரின் இல்லத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருப்பது பதினோரு அறைகள். அவற்றைச் சுற்றிக்காட்டுவது இவர் வேலை. காவலர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் இவர் 'ரிவர்ஸ் அக்கா'. வயது ஐம்பத்தாறு. சாம்பல் நிறச் சீருடை, சத்தம் போடாத ரப்பர் செருப்பு, தொண்டைக்காக வாயில் ஒரு கிராம்பு. வீட்டிலும் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்து அடுப்படிக்குப் போய்விடுவாராம். "எம் பொண்ணு தலையில அடிச்சிக்குவா" என்கிறார்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் மூன்று நாள் அவர் பின்னால் சுற்றினேன். முன்னால் என்று சொல்வதுதான் சரி. மக்கள் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே, கேட்டால் தலை சுற்றும். தலைவர் எந்தப் பக்கம் தலைவைத்துத் தூங்குவார் என்று ஒருவர் கேட்டார். "நான் என்ன தாலாட்டா பாடினேன்? தெரியாதுங்க" என்றார் அக்கா, முகம் மாறாமல்.

பெரிய கூடத்தில் மட்டும் ஒரு சங்கதி. நூற்றிருபது பல்பு பொருத்திய சரவிளக்கு அங்கே தொங்குகிறது. பக்கத்து நாட்டோடு எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது அதன் அடியில்தான். அக்கா நேராக வந்து, விளக்கை நெருங்கும்போது அரைவட்டமாக விலகுவார். "தரை அங்க கொஞ்சம் பழசு. சுத்தி வாங்க." நாற்பது பேரும் சுற்றி வருவார்கள். மூன்று நாளும் அதே விலகல்தான். தரையைக் குனிந்து பார்த்தேன். மற்ற இடம் போலத்தான் இருந்தது.

ஊழியர்கள் தேநீர் குடிக்கும் அறையில் கேட்டேவிட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் இங்க எலக்ட்ரீசியன். ஒப்பந்தத்துக்கு மொத நாள், ஏழு பல்பு எரியலைன்னு ஏணி போட்டு ஏறினாரு. பிடிச்சிட்டிருந்தவன யாரோ கூப்பிட்டாங்கன்னு போயிட்டான். ஏணி வழுக்கிடுச்சு. அந்த எடத்துலதான் விழுந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

அன்று மாலைக்குள் தரையைக் கழுவி மெழுகு போட்டுவிட்டார்கள். மறுநாள் அதன்மேல் மேசை போட்டுக் கையெழுத்திட்டார்கள். நூற்றிருபது பல்பும் எரிந்ததாம். மிச்சத்தை வேறொருவர் மாட்டியிருந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. கருணை அடிப்படையில் இவருக்குக் கூட்டும் வேலை கொடுத்தார்கள். பிறகு குரல் நன்றாக இருக்கிறதென்று சுற்றிக்காட்ட வைத்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒப்பந்தத் தேதியை நாளுக்கு நாலு முறை சொல்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒப்பந்தக் கதையோடு கணவர் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்றேன்.

"சேத்துட்டா அதையும் நான்தானே தெனம் நாலு தடவ சொல்லணும்" என்றார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். அந்த எடத்த யாரும் மிதிக்காம இருந்தா போதும்."

அதற்குத்தான் இப்போது வினை. இந்த மாதம் முதல் வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு தாங்களே சுற்றிப் பார்க்கலாம். அதில் ஒலிக்க அக்காவின் குரலையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எழுதித் தந்தவர் புது மேலாளர். அதில் ஒரு வரி: 'சரவிளக்கின் நேர் கீழே வந்து நின்று, அண்ணாந்து பாருங்கள்.' அந்த வரி வேண்டாமே என்று அக்கா போய்ச் சொன்னார். தரை பழசென்று காரணம் காட்டினார். மேலாளர் ஆள் வைத்துச் சோதித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா, ஒரு கோளாறும் இல்ல" என்று அன்பாகத்தான் சொன்னார்.

ஒலிப்பதிவின்போது கூட இருந்தேன். பதினோரு அறைகளையும் தண்ணீர் குடிப்பதுபோல் வாசித்தார். அந்த ஒரு வரியில் குரல் உள்ளே போனது. "என்னக்கா, இந்த எடத்துல மட்டும் இழுக்குது?" என்றார் பதிவு செய்கிறவர். ஐந்தாவது முறை சரியாக வந்தது. வெளியே வந்ததும், "நான் படிக்கலன்னா வேற யாராவது படிக்கப்போறாங்க" என்றார். புதிதாக ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இனி அவர் நடக்க வேண்டியதில்லை. கூடத்தில் இருந்தபடி யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உட்காரச் சுவரோரமாக ஒரு மர நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் நாள் முதல் கூட்டத்தோடு நானும் கருவியை மாட்டிக்கொண்டு போனேன். பேச்சே இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். கூடத்துக்குள் நுழைந்ததும் என் காதுக்குள் அக்காவின் குரல், துளியும் நடுங்காமல்: 'சரவிளக்கின் நேர் கீழே வந்து நின்று...'

எல்லோரும் அண்ணாந்தபடி முன்னால் போனோம். விளக்குக்கு நேர் கீழே, சுவரோரம் இருக்க வேண்டிய அந்த நாற்காலி இருந்தது; பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். முன்னால் போனவர்கள் அதில் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படியே சுற்றிப் போனார்கள். "நீங்க உக்காருங்களேன்மா, கால் வலிக்கும்ல" என்றார் ஒரு பெரியவர்.

அக்கா தலையை மட்டும் அசைத்தார். யாருடைய முழங்காலோ பட்டு நாற்காலி ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி, அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.